750 மீட்டர் கடல், 20 கிலோமீட்டர் சாலை, 5 கிலோமீட்டர் வெயில்: ஸ்பிரின்ட் டிரையத்லான் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்கு அருகே கோவளம் பக்கம் நடந்த ஒரு ஸ்பிரின்ட் டிரையத்லானை முடித்ததிலிருந்து அலுவலகத்திலும் குடியிருப்பிலும் ஒரே மாதிரிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே. நான் பயிற்சியாளர் இல்லை. நாற்பதைத் தாண்டிய, தணிக்கை அலுவலகம் ஒன்றில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண். பரிசு எதுவும் வாங்கவில்லை, கூட்டத்தின் நடுவில் வந்து முடித்தேன். அந்த இடத்திலிருந்து என்ன தெரிந்ததோ அதை மட்டும் சொல்கிறேன்.

ஸ்பிரின்ட் டிரையத்லான் என்றால் சரியாக என்ன?

முதலில் 750 மீட்டர் நீச்சல், அது முடிந்த கையோடு 20 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் 5 கிலோமீட்டர் ஓட்டம். நடுவில் கடிகாரம் நிற்காது. சட்டை மாற்றுவதும் ஷூ மாட்டுவதும்கூடக் கணக்கில் சேரும்.

ஒலிம்பிக் தூரம் இதைப்போல இரண்டு மடங்கு: 1.5, 40, 10. அரை அயர்ன்மேன் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். முழு அயர்ன்மேன் அதிலும் இரட்டிப்பு. ஸ்பிரின்ட்டைவிடச் சின்னதாக 400 மீட்டர் நீச்சல், 10 கிலோமீட்டர் சைக்கிள், 2.5 கிலோமீட்டர் ஓட்டம் என்று சூப்பர் ஸ்பிரின்ட்டும் உண்டு.

பெயரில் ஸ்பிரின்ட் இருக்கிறதே என்று ஆரம்பத்திலேயே பாய்ந்துவிடாதீர்கள். உலகத்தரப் போட்டியாளர்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கிறார்கள், அவர்களுக்கு அது பாய்ச்சல்தான். நம்மைப் போன்றவர்களுக்கு ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேர வேலை. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு என் பதில் ஒன்றேதான்: அடக்கி வாசியுங்கள்.

ஏன் நீச்சல் முதலில் வருகிறது?

களைத்துப்போன ஆள் சாலையில் விழுந்தால் முட்டி சிராய்க்கும். களைத்துப்போன ஆள் கடலில் இருந்தால் கதையே வேறு. அதனால்தான் உடம்பு புதுசாக இருக்கும்போதே நீச்சலை முடித்துவிடுகிறார்கள்.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. டிரையத்லான் என்ற பெயரோடு இன்றைய விளையாட்டுக்கு வித்திட்ட போட்டி 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோவில், மிஷன் பே என்ற விரிகுடாவில் நடந்தது. ஒரு ஓட்டப்பந்தயக் கிளப்பின் உறுப்பினர்களான ஜாக் ஜான்ஸ்டோனும் டான் ஷனஹனும் ஏற்பாடு செய்தார்கள். 46 பேர் கலந்துகொண்டார்கள். அன்று ஓட்டத்தில்தான் தொடங்கினார்கள். அந்த 46 பேரில் இருந்த கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ்தான் பிறகு மனைவி ஜூடியோடு சேர்ந்து 1978ல் ஹவாயில் முதல் அயர்ன்மேனை நடத்தினார். அதில் நீச்சல் முதலிடத்துக்கு வந்துவிட்டது. 2000ல் சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் சேர்க்கப்பட்டபோதும் அதே வரிசைதான்.

எனக்கு நீச்சலே தெரியாது. இதெல்லாம் நமக்கு ஆகுமா?

ஆகும். ஆனால் இந்த வருடம் வேண்டாம். பெரியவர்கள் முதலிலிருந்து கற்றுக்கொண்டு, நிற்காமல் 750 மீட்டர் நீந்தும் நிலைக்கு வர ஆறு மாதமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் வேளச்சேரி நீச்சல் வளாகம், மெரினா நீச்சல் குளம் என்று பொது இடங்கள் உண்டு. பெண்களுக்குத் தனி நேரம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் மாதம் முழுக்க மூச்சை வெளியே விடுவது மட்டுமே பயிற்சியாக இருந்தாலும் சலித்துக்கொள்ளாதீர்கள். நாற்பது வயதில் கற்பவர்கள் எல்லாரும் கையைக் காலை அடிப்பதில்தான் குறியாக இருக்கிறார்கள். தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்து வைத்துக்கொண்டு, தலையைத் தூக்கும் ஒரு நொடியில் விடவும் இழுக்கவும் பார்க்கிறார்கள். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூச்சை விட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

காத்திருக்க முடியாதென்றால் டுயத்லான் இருக்கிறது: ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம். சில போட்டிகளில் ஆளுக்கொரு பகுதியாக மூன்று பேர் சேர்ந்து ரிலேயாகவும் செய்யலாம். நீந்தத் தெரிந்த ஒரு தோழியைப் பிடியுங்கள்.

குளத்தில் ஆயிரம் மீட்டர் நீந்துவேன். கடலில் 750 பிரச்சினை இருக்காதே?

இந்தக் கேள்வியைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

குளத்தில் அடியில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். 25 மீட்டருக்கு ஒரு சுவர் வரும், அதைத் தொட்டுத் திரும்பும்போது நம்மை அறியாமலே ஓய்வு கிடைக்கும். நம் பக்கத்துக் கடலில் கோடும் இல்லை, சுவரும் இல்லை. கலங்கிய நாளில் நீட்டிய கை விரலே தெரியாது. நேராகத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், தலையைத் தூக்கினால் மிதவை எங்கேயோ இருக்கும். அதனால் ஆறேழு கை வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து மிதவையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தலையை முழுக்கத் தூக்கினால் இடுப்பு கீழே போய்விடும், வேகமும் போச்சு, மூச்சும் போச்சு. அலையின் பள்ளத்தில் இருக்கும்போது எட்டிப் பார்த்துப் பயனில்லை. முகட்டில் ஏறும்போது பார்க்க வேண்டும். குளத்திலேயே இதைப் பழகலாம். எதிர்ச்சுவரில் ஒரு பொருளை வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே நீந்துங்கள்.

இரண்டாவது, நீரோட்டம். அதை மீனவர்கள் வெள்ளம் என்பார்கள். இன்றைக்கு வெள்ளம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கரையில் வலை உதறிக்கொண்டிருக்கும் யாரிடமாவது கேட்டால் சொல்லிவிடுவார்கள். எந்தக் கைபேசிச் செயலியையும்விட எனக்கு அதில்தான் நம்பிக்கை. தெற்கிலிருந்து வடக்கே இழுக்கிறது என்றால், மிதவைக்குக் கொஞ்சம் தெற்கே குறி வைத்து நீந்தினால்தான் மிதவைக்கே போய்ச் சேருவீர்கள்.

மூன்றாவது, உடையும் அலை. கரையோரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அலையை நெஞ்சில் வாங்கினால் அது பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். அலை உடைவதற்கு முன் மூச்சை இழுத்துக்கொண்டு அதன் அடியில் முங்கி அந்தப் பக்கம் எழுந்திருக்க வேண்டும். நான்கைந்து அலையைக் கடந்துவிட்டால் உள்ளே கடல் அமைதியாகவே இருக்கும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. உப்புத்தண்ணீர் நம்மைக் கூடுதலாகத் தாங்கும், மிதப்பது குளத்தைவிட எளிது. போட்டிக்கு முன் சில முறையாவது கடலில் நீந்திப் பழகுங்கள். ஒருபோதும் தனியாக இறங்காதீர்கள். தெரிந்த குழுவோடு, துணைக்குப் படகோ, கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகோ இருக்கும்போது மட்டும். சென்னைக் கடற்கரையில் ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. அதில் நீந்தத் தெரிந்தவர்களும் உண்டு.

கடலுக்குள் பயம் வந்ததா?

வந்தது. தொடங்கிச் சில நிமிடங்களில், முதல் மிதவைக்கு முன்பே.

ஐம்பது அறுபது பேர் ஒரே நேரத்தில் மணலிலிருந்து ஓடி இறங்குகிறார்கள். ஒருவர் கால் என் தோளில், இன்னொருவர் கை என் காகிள்ஸில். ஒரு வாய் உப்புத்தண்ணீர் உள்ளே போனது. அவ்வளவுதான், மூச்சு மேல்மூச்சாக வாங்க ஆரம்பித்துவிட்டது. குளத்தில் பழகியதெல்லாம் மறந்து, தலையை வெளியே வைத்துக்கொண்டு கையை அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கயாக்கில் இருந்த கோவளத்துப் பையன் பார்த்துவிட்டான். "அக்கா, பதறாதீங்க. மல்லாந்து படுங்க, கடல் தூக்கிக்கும்" என்றான். மல்லாந்து படுத்தேன். வானத்தைப் பார்த்தபடி மூச்சை நீளமாக விட்டேன். கடல் தூக்கிக்கொண்டது. ஒரு நிமிடம்தான் இருக்கும். அப்புறம் திரும்பிக் கொஞ்ச தூரம் தவளை நீச்சல், பிறகு வழக்கமான நீச்சல்.

இந்தப் பதற்றம் அனுபவசாலிகளுக்கும் வரும் என்று பிறகு பலரும் சொன்னார்கள். தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்: எந்த நீச்சல் முறையில் வேண்டுமானாலும் நீந்தலாம், மல்லாந்தும் நீந்தலாம், மிதக்கலாம். கயாக்கையோ மிதவையையோ பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கவும் விதி அனுமதிக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். உதவி வேண்டுமென்றால் ஒரு கையை உயர்த்துங்கள். அப்புறம், முதல் வரிசையில் போய் நிற்காதீர்கள். பின்னால் ஓரமாக நின்று, கூட்டம் இறங்கிப் பத்து நொடி கழித்து இறங்கினால் உதை பாதியாகக் குறையும்.

டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

கண்டிப்பாக. முக்கியமாக நாற்பதைத் தாண்டிய ஆண்கள். அமெரிக்க டிரையத்லான்களில் 1985 முதல் 2016 வரை இறந்தவர்கள், இதயம் நின்று மீட்கப்பட்டவர்கள் என 135 பேரின் விவரங்களை ஒரு மருத்துவ ஆய்வு 2017ல் தொகுத்தது. 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சலில். சராசரி வயது 47ஐ ஒட்டி. நூற்றுக்கு 85 பேர் ஆண்கள். பரிசோதிக்க முடிந்தவர்களில் கணிசமானவர்களுக்குத் தங்களுக்கே தெரியாத இதயக் கோளாறு இருந்தது. ஈசிஜி எடுங்கள், ரத்த அழுத்தம் பாருங்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். "வாக்கிங் போகிறேனே, எனக்கென்ன" என்று சொல்லும் மாமாக்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சுறா வருமா?

எல்லாரும் கேட்கிறார்கள். சுறாவை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், சொறி மீனை, அதாவது ஜெல்லி மீனைப் பற்றிக் கேளுங்கள். சில நாட்களில் நிறைய வரும். பட்டால் எரியும், தடிக்கும். தேய்க்காதீர்கள். கரையேறியதும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் தண்ணீரிலேயே கையைத் தூக்கிவிடுங்கள்.

உடம்போடு ஒட்டிய ரப்பர் உடை வாங்க வேண்டுமா?

வேண்டாம். அந்த வெட்சூட் குளிர்நாட்டு சமாச்சாரம். வயதுப் பிரிவுப் போட்டியாளர்கள், அதாவது தொழில்முறையாக இல்லாமல் வயதுவாரியாகப் போட்டியிடும் நம்மைப் போன்றவர்கள், இந்தத் தூரத்தில் 22 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் அதை அணியவே கூடாது என்பது உலக விதி. வங்காள விரிகுடா அதைவிட எப்போதும் சூடு.

எந்த மாதம் நல்லது?

ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும். ஏப்ரலுக்கு மேல் ஓட்டம் அடுப்பங்கரையாகிவிடும்.

என்ன சைக்கிள் வேண்டும்? லட்ச ரூபாயாமே?

இரண்டு பிரேக்கும் ஒழுங்காகப் பிடிக்கும் சைக்கிள் வேண்டும். நான் ஓட்டியது குடியிருப்பில் ஒருவர் வாங்கி மூலையில் நிறுத்தியிருந்த பழைய ஹைபிரிட், நேர் ஹேண்டில்பார் வைத்தது. என்னை ரோடு பைக் என்ற வேகச் சைக்கிளில் முந்திக்கொண்டு போனவர்கள் நிறைய, என்னால் முந்தப்பட்ட ரோடு பைக்குகளும் சில. 20 கிலோமீட்டரில் நல்ல ரோடு பைக் சில நிமிடங்களை மிச்சப்படுத்தும். அந்தச் சில நிமிடங்களுக்காக முதல் போட்டிக்கே கடன் வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் சைக்கிளை நல்ல கடையில் கொடுத்து சர்வீஸ் செய்து, டயரை மாற்றி, சீட் உயரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மடங்கி இருக்க வேண்டும். நம் ஊரில் தெருவில் போகும் சைக்கிள்களில் பாதி சீட் தாழ்ந்துதான் இருக்கிறது, முட்டிவலிக்கு அதுவும் காரணம்.

ஹெல்மெட் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. சாதாரண ஷூ போதும். பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப் ஷூ வேண்டுமானால் மாதக்கணக்கில் பழகிய பிறகு. ஒரு டியூப், டயர் நெம்பி, சின்ன பம்ப் மூன்றும் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். பஞ்சரானால் நீங்களேதான் சரிசெய்ய வேண்டும், வெளியாள் உதவி விதிமீறல். வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை டியூபைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். பின்சக்கரத்தில் பழகுங்கள், அதுதான் படுத்தும்.

ஈசிஆரில் ஓட்டுவது எப்படி இருந்தது?

ஈசிஆர் என்ற கிழக்குக் கடற்கரைச் சாலை மேடு பள்ளமில்லாதது. அதனால் சுலபம் என்று நினைப்போம். அதனாலேயே காலுக்கு ஓய்வே கிடையாது. இறக்கம் வந்தால்தானே பெடலை நிறுத்த முடியும்? காற்று இன்னொரு சங்கதி. போகும்போது கால் தானாகச் சுற்றுகிறது, இன்றைக்கு நமக்கு நல்ல நாள் என்று தோன்றும். திரும்பியதும் புரியும், அத்தனையும் முதுகுக்காற்று உபயம். போகும்போது அடக்கி வாசித்தவர்கள் திரும்பும்போது நிதானமாக முந்திப் போனார்கள்.

கனமான கியரில் அழுத்திக்கொண்டிருக்காமல் லேசான கியரில் நிமிடத்துக்கு 80, 90 சுற்று போவது நல்லது. ஓட்டத்துக்குத் தொடை மிச்சமிருக்கும். கடைசி ஒரு கிலோமீட்டரில் இன்னும் லேசாக்கிக்கொள்ளுங்கள்.

முன்னால் போகும் சைக்கிளின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றுக்கு ஒதுங்குவது வயதுப் பிரிவுப் போட்டிகளில் பெரும்பாலும் தடை. இந்தத் தூரத்துக்கு 10 மீட்டர் இடைவெளி, அதற்குள் நுழைந்தால் 20 நொடிக்குள் முந்திவிட வேண்டும் என்பது பொதுவான உலக விதி. சாலையை முழுக்க மூடியிருக்க மாட்டார்கள். நான் கலந்துகொண்டதில் ஒரு பக்கம் கூம்பு வைத்துப் பிரித்திருந்தார்கள், அந்தக் கூம்புகளுக்கு நடுவே ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்று ஆள் ஏற்றியது. நாய்களுக்கும் விதிகள் பொருந்தாது.

டிரான்சிஷன் என்கிறார்களே, அது என்ன?

சைக்கிள்களை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கும் இடம். நீச்சல் முடிந்து வந்து சைக்கிளை எடுப்பது முதல் மாற்றம், சைக்கிளை வைத்துவிட்டு ஓடக் கிளம்புவது இரண்டாவது. நான்காவது பந்தயம் என்றே இதைச் சொல்லலாம். பயிற்சியே இல்லாமல் இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்கக்கூடிய ஒரே இடம் இதுதான். நீச்சலில் இரண்டு நிமிடம் குறைக்க எனக்குப் பல மாதம் ஆகும்.

சைக்கிள் பக்கத்தில் ஒரு சின்னத் துண்டை விரித்து, தேவைப்படும் வரிசையில் பொருட்களை வையுங்கள். ஹெல்மெட் ஹேண்டில்பார் மேல் கவிழ்த்து, வார் திறந்தபடி. கூலிங்கிளாஸ் அதற்குள். ஷூவுக்குள் சாக்ஸ், பாதத்தில் ஒட்டிய மணலைக் கழுவ ஒரு பழைய பாட்டில் தண்ணீர். மணலோடு சாக்ஸ் போட்டால் ஐந்து கிலோமீட்டரில் கொப்புளம் நிச்சயம். ஷூ கயிற்றுக்குப் பதில் எலாஸ்டிக் கயிறு போட்டுக்கொண்டால் முடிச்சுப் போடும் வேலை இல்லை. எண் அட்டையை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டால் சைக்கிளில் முதுகுப்பக்கம், ஓட்டத்தில் முன்பக்கம் என்று திருப்பிவிடலாம்.

உங்கள் சைக்கிள் எங்கே நிற்கிறது என்பதைக் காலையிலேயே நடந்து பார்த்து வையுங்கள். தண்ணீரிலிருந்து எழுந்து வரும்போது தலை சுற்றும், எல்லா சைக்கிளும் ஒரே மாதிரி தெரியும். எனக்கு இரண்டு வரிசை தள்ளி நின்றவர் நிஜமாகவே அடுத்தவர் ஷூவைப் போட்டுக்கொண்டிருந்தார்.

முக்கிய விதி: ஹெல்மெட் வாரைப் பூட்டாமல் சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்கவே கூடாது. திரும்பி வந்து சைக்கிளைத் தாங்கியில் வைத்த பிறகுதான் வாரைக் கழற்ற வேண்டும். ஏறும் கோடு தாண்டி ஏற வேண்டும், இறங்கும் கோட்டுக்கு முன் இறங்க வேண்டும். இயர்போன் கூடாது. குப்பையைச் சாலையில் எறிந்தால் தண்டனை உண்டு. இந்த ஒரு விதியை ஊருக்கே போடலாம்.

துணி எங்கே மாற்றுவது?

மாற்றுவதே இல்லை. டிரை சூட் என்று ஒரே உடை, மெல்லிய பஞ்சு வைத்தது, நீந்தி, ஓட்டி, ஓடி முடிக்கலாம். அது இல்லாமல் நான் முட்டிவரை வரும் நீச்சல் உடையில் இறங்கி, கரையேறியதும் மேலே ஒரு டி-ஷர்ட் மாட்டிக்கொண்டேன். ஈர உடம்பில் டி-ஷர்ட் ஏறாமல் தோளில் சுருண்டு நிற்கும். அதனால் தொளதொளப்பானதாக எடுத்துக்கொள்ளுங்கள். லெக்கின்ஸ், முழுக்கை, தலையை மூடும் உடை எல்லாவற்றோடும் பெண்கள் கலந்துகொண்டிருந்தார்கள், யாரும் யாரையும் பார்க்க நேரமில்லை.

பெண்கள் தனியாகக் கேட்கும் கேள்வி: மாதவிடாய் நாளில் வந்தால்? டாம்பான் அல்லது கப் பழகியவர்களுக்குப் பிரச்சினையில்லை. போட்டி நாளில் முதல்முறையாக அதைப் பரிசோதிக்க வேண்டாம். வலி அதிகமென்றால் விட்டுவிடுங்கள், அடுத்த போட்டி வரும்.

கழுத்து, அக்குள், தொடை இடுக்குகளில் வாசலின் தாராளமாகப் பூசுங்கள். உப்புத்தண்ணீரில் உரசிய இடம் அன்றிரவு குளிக்கும்போதுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்.

சைக்கிளிலிருந்து இறங்கி ஓட முடியுமா?

முடியும், ஆனால் கால் உங்களுடையதாக இருக்காது. ஒவ்வொரு காலிலும் ஆட்டுக்கல்லைக் கட்டிவிட்டதுபோல் இருந்தது. முக்கால் மணி நேரம் வட்டமாகச் சுற்றிய தசைகளிடம் திடீரென்று வேறு வேலை கேட்கிறோம், அவை பழக்கத்துக்கு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். முதல் கிலோமீட்டரை இதற்கென்றே ஒதுக்குங்கள். சின்னச் சின்ன அடி, மெதுவான ஓட்டம்.

வேடிக்கை என்னவென்றால், மெதுவாக ஓடுவதாகத் தோன்றினாலும் பலரும் அந்த முதல் கிலோமீட்டரில்தான் வேகமாக ஓடிவிடுகிறார்கள். சைக்கிள் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு ஓட்டம் ஊர்வதாகத் தெரிகிறது. கையில் கடிகாரம் இருந்தால் அதை நம்புங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

சென்னையில் இன்னொரு எதிரி புழுக்கம். காலை ஏழரைக்கே வியர்வை கொட்டும், ஆனால் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. தண்ணீர் கொடுக்கும் இடத்தில் ஒரு டம்ளர் குடிக்க, ஒரு டம்ளர் பிடரியில் ஊற்ற. நான் போனபோது கடைசித் தண்ணீர் மேசையில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. பக்கத்து இளநீர்க் கடைக்காரர் குடத்திலிருந்து மோந்து எல்லாருக்கும் கொடுத்தார். வெளியாள் உதவி என்று யாரும் கொடி காட்டவில்லை.

நடக்கலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக. தலை சுற்றினால், வியர்வை நின்று குளிர் எடுத்தால், நடப்பது மட்டும் போதாது. நிழலில் உட்கார்ந்து ஆளைக் கூப்பிடுங்கள்.

எவ்வளவு பயிற்சி செய்ய வேண்டும்? வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் ஏது?

மூன்றையும் ஏற்கெனவே ஓரளவு செய்யத் தெரிந்தவருக்கு வாரம் நான்கைந்து மணி நேரம், மூன்று மாதம். என் ஏற்பாடு: செவ்வாயும் வியாழனும் விடிகாலை நீச்சல், புதன் அரை மணி ஓட்டம், சனிக்கிழமை ஈசிஆரில் சைக்கிள், ஞாயிறு பிரிக். பிரிக் என்றால் சைக்கிள் ஓட்டிய கையோடு ஓடுவது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சைக்கிள், இறங்கி பத்து நிமிட ஓட்டம். அவ்வளவு போதும், ஆட்டுக்கல் அப்போதுதான் இளகும்.

ஒரு நாள் தவறினால் மறுநாள் சேர்த்துச் செய்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். காயம்பட்டவர்களில் நான் பார்த்த பாதிப்பேர் அப்படித்தான் பட்டார்கள். மூன்றில் எது மோசமோ அதற்குக் கூடுதல் நாள் கொடுங்கள். நாம் எல்லாரும் நன்றாகச் செய்வதையே திரும்பத் திரும்பச் செய்ய ஆசைப்படுவோம், ஓட்டக்காரர்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள், குளம் காத்திருக்கும்.

என்ன சாப்பிட்டீர்கள்?

முந்தின இரவு சாதம், ரசம், உருளைக்கிழங்கு. கீரை, சுண்டல் போன்ற நார்ச்சத்து அதிகமானவற்றை அன்று ஒருநாள் தவிர்த்தேன். போட்டிக் காலை நாலு மணிக்கு இட்லி, தொட்டுக்கொள்ளச் சர்க்கரை, அரை டம்ளர் காபி. நாலு மணிக்கு இட்லி வேகவைத்துத் தந்தவர் என் மாமியார். சைக்கிளில் ஒரு பாட்டில் எலுமிச்சைச் சாறு, உப்பும் சர்க்கரையும் போட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் போட்டிக்கு இதற்கு மேல் விலை உயர்ந்த ஜெல் பாக்கெட்டுகள் அவசியமில்லை. தாகத்துக்குக் குடியுங்கள், பயத்துக்குக் குடிக்காதீர்கள். அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடிப்பதும் உடம்பின் உப்பைக் குலைக்கும்.

எவ்வளவு நேரத்தில் முடித்தீர்கள்?

நீச்சல் 22 நிமிடம், முதல் மாற்றம் 4, சைக்கிள் 47, இரண்டாவது மாற்றம் 3, ஓட்டம் 36. மொத்தம் 1 மணி 52 நிமிடம். இரண்டாவது மாற்றத்தில் மூன்று நிமிடம் என்ன செய்தேன் என்று என் மகன் இன்னும் கேட்கிறான். உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக வந்தால் அசிங்கமாக இருக்காதா?

யாராவது ஒருவர் கடைசியாக வந்துதானே ஆக வேண்டும்? நான் போனபோது கடைசியாக வந்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் ஐயா. அவருக்குக் கிடைத்த கைதட்டல் முதல் பரிசுக்காரருக்குக் கிடைக்கவில்லை. நேரக்கெடு மட்டும் உண்டு, முக்கியமாக நீச்சலுக்கு. பதிவு செய்யும்போதே அதைப் படித்து, உங்கள் பயிற்சி நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டில் என்ன சொன்னார்கள்?

அம்மா: "இந்த வயசுல உனக்கு எதுக்குடி இது, கடல்ல போய் விழுந்துகிட்டு?" கணவர் ஒன்றும் சொல்லவில்லை, இன்ஷூரன்ஸ் பாலிசி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். மாமியார் இட்லி அவித்தார். நேரத்தை யாரிடமிருந்து எடுக்கிறோம் என்பதை வீட்டில் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. ஞாயிறு காலை காணாமல் போகும் அம்மாவுக்குப் பதில் தோசை ஊற்ற யாராவது ஒத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து அயர்ன்மேனா?

இல்லை. கோவாவில் 2019லிருந்து அரை அயர்ன்மேன் நடக்கிறது, ஆசைப்படுகிறவர்கள் போகலாம். அதற்கு வாரம் பத்து மணி நேரமாவது வேண்டும், என்னிடம் அது இல்லை. எனக்கு இன்னொரு ஸ்பிரின்ட் வேண்டும், மல்லாந்து படுக்காமல்.

போட்டி முடிந்ததும் உடனே செய்ய வேண்டியது?

நேரம் பதிவாகக் காலில் கட்டிவிட்ட சிப்பைத் திருப்பிக் கொடுங்கள், மறந்தால் பணம் பிடிப்பார்கள். கொஞ்சம் நடங்கள், சட்டென்று படுக்க வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் வயிறாரச் சாப்பிடுங்கள். வீட்டுக்குப் போனதும் குளிப்பதற்கு முன் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள். உங்கள் உடம்பிலிருந்து சொட்டிய கடல்தண்ணீர் அதில்தான் இருக்கிறது. ஒரே நாள் விட்டாலும் துரு ஏறிவிடும், அதுவும் சைக்கிள் இரவல் என்றால் கேட்கவே வேண்டாம்.